பில், கார்டு, தூசு: புதுக் கேமரா வாங்கும் போட்டோக்காரர் கவனத்துக்கு

தாலி கட்டுவதை ஒரு தடவைதான் படமெடுக்க முடியும். பங்காருபேட்டையிலோ ராபர்ட்சன்பேட்டையிலோ விடிகாலை முகூர்த்தத்தில் கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் மெமரி கார்டு பழுதானால், இன்னொரு முறை கட்டச் சொல்லி மாப்பிள்ளையைக் கேட்க முடியாது. இருந்தும், பழைய கேமராவைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது எத்தனை மெகாபிக்சல் என்றுதான். கார்டு போட எத்தனை இடம் என்று கேட்பவர் குறைவு.

கேமரா கம்பெனிகளுக்கே இது உறைக்க நாளாயிற்று. இந்தியா முழுக்கக் கல்யாண வேலைக்கு ஓடிய கேனான் 5டி மார்க் 2 கேமரா 2008-ல் வந்தது. அதில் ஒரே கார்டுதான். 2012-ல் வந்த மார்க் 3-ல் இரண்டு கார்டு போடலாம். மிரர்லெஸ் காலம் பிறந்ததும் பழைய குறை திரும்பி வந்தது. 2018-ல் வெளியான நிக்கான் இசட்6, இசட்7, கேனான் ஈஓஎஸ் ஆர் மூன்றுக்கும் ஒரே கார்டு. தொழில் செய்பவர்கள் குறை சொல்லித் தீர்த்தார்கள். 2020-ல் வந்த இசட்6 2, ஆர்6 இரண்டும் இரட்டைக் கார்டோடு வந்தன.

இரண்டு இடம் இருந்தால் மட்டும் போதாது. பெட்டியிலிருந்து எடுத்த கேமரா பெரும்பாலும் முதல் கார்டில் மட்டுமே எழுதும். ஒரே படம் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிய வேண்டுமென்றால் மெனுவுக்குள் போய் மாற்ற வேண்டும். இதைச் செய்யாமலே வருடக்கணக்கில் வேலை பார்ப்பவர்கள் உண்டு.

இங்கே சட்டமும் நுழைகிறது. பணம் வாங்கிக்கொண்டு கல்யாணப் படம் எடுக்கிறவர் நுகர்வோர் சட்டத்தின் கண்ணில் சேவை தருபவர். படங்கள் தொலைந்தால் அது சேவைக் குறைபாடு. வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவும் மன உளைச்சலுக்கு இழப்பீடு கொடுக்கவும் நாட்டின் பல நுகர்வோர் ஆணையங்கள் போட்டோக்காரர்களுக்கு உத்தரவிட்டிருக்கின்றன. கார்டு கெட்டுப்போனது என் குற்றமா என்று அங்கே போய்க் கேட்டால் எடுபடாது. அதனால் இரண்டாவது கார்டை வசதி என்பதைவிடத் தொழிலுக்கான காப்பீடு என்று சொல்வதே சரி.

கோலார் தங்கவயல் பக்கம் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு சிக்கல், தூசு. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டதுவரை தோண்டிய பாறையை மாவாக அரைத்துத் தங்கம் எடுத்தார்கள்; பிற்காலத்தில் அந்த மாவைச் சயனைடு கரைசலிலும் போட்டார்கள். மிஞ்சிய மாவு சயனைடு மலைகளாக இன்னும் நிற்கிறது. சினிமாக்காரர்களுக்குப் பிடித்த இடம். கல்யாணத்துக்கு முன் எடுக்கும் ஜோடிப் படங்களுக்கும் அதே வெள்ளை மேடுதான் பின்னணி. காற்றடித்தால் அந்த மாவு ஊருக்குள்ளேயே வரும். மேட்டின் மீது நின்று லென்ஸ் மாற்றினால் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் சென்சாருக்கு முன்னால் கண்ணாடியும் ஷட்டரும் மறைப்பாக இருந்தன. மிரர்லெஸ் கேமராவில் கண்ணாடி கிடையாது; லென்ஸைக் கழற்றினால் சென்சார் வெட்டவெளியில் கிடக்கும். இதற்கு கேனான் ஈஓஎஸ் ஆர் ஒரு வழி செய்தது. கேமராவை அணைத்ததும் ஷட்டர் தானாக மூடிக்கொள்ளும். சோனி ஏ7 4-லும் இந்த வசதி உண்டு, ஆனால் மெனுவில் நாமே இயக்க வேண்டும். விளம்பரத்தில் இதற்கு ஒரு வரிகூட கிடைக்காது. எனினும் தங்கவயலின் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் படமெடுக்கிறவருக்கு 10 மெகாபிக்சல் கூடுவதைவிட இது பெரிது. ஒன்று மட்டும் கவனம்: மூடிய ஷட்டரை விரலால் தொடக் கூடாது. மெல்லிய தகடு, வளைந்தால் மாற்றத்தான் வேண்டும். அப்படி வளைந்ததை வாரண்டியில் கேட்கவும் முடியாது.

வெளிச்சத்துக்கு வருவோம். இந்திய மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி என்பதால் டியூப் லைட்டும் மலிவான எல்.இ.டி. பல்பும் நொடிக்கு 100 தடவை மங்கித் தெளியும். கண்ணுக்குத் தெரியாது; கேமராவுக்குத் தெரியும். அடுத்தடுத்து எடுத்த நாலு படத்தில் இரண்டு மட்டும் மஞ்சள் பூசியதுபோல் வருவது இதனால்தான். மங்கும் நொடியைத் தவிர்த்துவிட்டுச் சொடுக்கும் வசதியை கேனான் 2014-ல் 7டி மார்க் 2-ல் கொண்டுவந்தது. இப்போது நடுத்தர விலைக் கேமராக்களிலும் அது இருக்கிறது.

புதுக் கேமராவோடு ஒரு புது ஆபத்தும் வருகிறது. சத்தமே போடாத மின்னணு ஷட்டர் மந்திரம் ஓதும்போது அருமையான துணைதான். ஆனால் அது படத்தை வரிவரியாகப் படிக்கிறது. ரிசப்ஷன் மேடையில் எல்.இ.டி. திரை எரிந்தால் பெண் மாப்பிள்ளை முகத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழும். பெரும்பாலான கேமராக்களில் மினுக்கல் தடுப்பு வசதி சாதாரண ஷட்டரோடு மட்டுமே வேலை செய்யும். அதனால் மேடைக்கு முன் மௌனம் வேண்டாம். சாதாரண விளக்கென்றால் 1/50 அல்லது 1/100 நொடியில் நிறுத்தினால் பாதிப் பிரச்சினை தீரும். எல்.இ.டி. திரையின் வேகம் அதற்கெல்லாம் கட்டுப்படாது. ஷட்டர் வேகத்தைத் துளித்துளியாக நகர்த்தும் வசதி சோனி ஏ7 4 போன்ற கேமராக்களில் இருக்கிறது, ஒத்திகை நேரத்திலேயே பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

சின்னச் சின்ன வசதிகள் இன்னும் உண்டு. பழைய கேமராக்களில் வீடியோ 29 நிமிடம் 59 நொடியில் நின்றுபோகும். அரைமணிக்கு மேல் ஓடினால் ஐரோப்பிய சுங்கம் அதை வீடியோ கேமராவாகக் கணக்கிட்டு அப்போது வரி போட்டதுதான் காரணம். அதற்கு நம்மூர்க் கல்யாணக்காரர்களும் தண்டம் கட்டிக்கொண்டிருந்தார்கள். புதிய கேமராக்கள் பலவற்றில் அந்த எல்லை இல்லை. சோனியின் பழைய பேட்டரி 1,020 மில்லி ஆம்பியர் மணி, ஏ7 3-ல் வரும் பேட்டரி 2,280. செல்போன் சார்ஜரிலேயே கேமராவுக்கு மின்சாரம் ஏற்றலாம் என்பது பெங்களூருக்கும் மாரிகுப்பத்துக்கும் ரயிலில் அலைகிறவர்களுக்கு உதவும்.

இனி, மாறும்போது காலை வாரும் விஷயங்கள்.

முதலாவது, பிளாஷ். 2019-ல் வந்த கேனான் 200டி 2 கேமராவின் தலையில் பிளாஷ் பொருத்தும் இடத்தில், காலங்காலமாக நடுவில் இருந்த உலோகப் புள்ளி இல்லை. கேனானின் சொந்த பிளாஷ் எரியும். ஸ்டுடியோ விளக்கை எரியவைக்கும் சாதாரண டிரிக்கர் அசையாது. விலை குறைவு என்று வாங்கிவந்து, ஸ்டுடியோவில் மாட்டிப் பார்த்த பிறகுதான் பலருக்கு விஷயம் புரிந்தது. அடுத்தது பேட்டரி. 5டி மார்க் 2 காலத்து எல்பி-ஈ6 பேட்டரி ஆர்6-லும் வேலை செய்யும், ஆனால் கேமராவுக்குள் வைத்து யூ.எஸ்.பி. வழியாகச் சார்ஜ் ஏறாது. அதற்கு எல்பி-ஈ6என் அல்லது அதற்குப் பின் வந்தது வேண்டும், பி.டி. வகைச் சார்ஜரும் வேண்டும்.

மூன்றாவதுதான் செலவு வைப்பது. கேனான் 2018-ல் எம்50 கேமராவோடு சிஆர்3 என்ற புது ரா கோப்பு வகைக்கு மாறியது. ஒரு தடவை காசு கொடுத்து வாங்கிய அடோபி லைட்ரூம் 6-க்குக் கடைசி மேம்பாடு வந்தது 2017-ல். ஆக, புதுக் கேமராவின் ரா படம் பழைய மென்பொருளில் திறக்காது. மாதச் சந்தாவுக்கு உடனே ஓட வேண்டியதில்லை. அடோபியே இலவசமாகத் தரும் டி.என்.ஜி. கன்வெர்ட்டரில் மாற்றிக்கொண்டால் பழைய லைட்ரூமே போதும். வீடியோவுக்கு இப்படிச் சுலபமான வழி இல்லை. எச்.265 வகை 10 பிட் வீடியோவைப் பழைய கம்ப்யூட்டர் ஓட்டத் திணறும். கேமரா விலையைக் கேட்கும்போது கார்டு, கம்ப்யூட்டர் விலையையும் சேர்த்துக் கேட்பதே நல்லது.

எங்கே வாங்குவது என்பது அடுத்த கேள்வி. பங்காருபேட்டையிலிருந்து பெங்களூர் சுமார் 70 கிலோமீட்டர். ரயில் ஏறினால் பெரிய கடைகள். அங்கே சில கவுன்டர்களில் கேட்கும் வசனம்: "பில் இல்லாம எடுத்தா குறைச்சித் தர்றோம் சார்." டிஜிட்டல் கேமராவுக்கு ஜி.எஸ்.டி. 2019 ஜனவரி முதல் 18 சதவீதம். அந்தத் தொகை மிச்சமாவதுபோல் தெரிவதுதான் தூண்டில். பெரும்பாலும் அப்படி வரும் கேமரா வெளிநாட்டுக்கென்று தயாரானது, இறக்குமதிக்காரர் பெயரில்லாமல் உள்ளே வந்தது. இந்திய வாரண்டி கிடைக்காது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும்: இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, எந்த நாட்டுத் தயாரிப்பு, புகார் சொல்லும் எண் எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது 2011-ம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதி. பெட்டியிலும் கேமராவின் அடியிலும் பில்லிலும் ஒரே சீரியல் எண் இருக்கிறதா என்று கடையிலேயே ஒப்பிட்டுவிடுவது நல்லது.

பில் தர மறுப்பதே 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற அட்டை பழுதான பொருளுக்குச் செல்லாது. பில்லில் காலம் குறிப்பிடாத பட்சத்தில் 30 நாளுக்குள் பழுதான சரக்கைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அதே குற்றப் பட்டியலில்தான் வருகிறது.

சம்பாதிக்க வாங்கிய கேமராவுக்கு நுகர்வோர் சட்டம் செல்லாது என்று கடைக்காரர் சொன்னால் பயப்பட வேண்டாம். வியாபாரத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்பது உண்மை. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியவர் நுகர்வோர்தான் என்பதும் அதே சட்டத்தில் உண்டு. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டுக்கு எதிராக லட்சுமி இன்ஜினியரிங் வொர்க்ஸ் தொடுத்த வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்கியவர் நுகர்வோர். ஆள் வைத்து ஓட்ட வாங்கியவர் அல்ல. உதவிக்கு ஓரிருவர் இருந்தாலும் பாதகமில்லை. தோளில் கேமராவை மாட்டிக்கொண்டு தானே மண்டபம் மண்டபமாகப் போகிறவருக்கு இது அப்படியே பொருந்தும். பத்து கேமரா வாங்கிப் பத்துப் பேரை அனுப்பும் முதலாளிக்குப் பொருந்துவது கடினம். புகாரிலேயே இந்தக் கேமரா என் பிழைப்புக்கானது என்று ஒரு வரி எழுதிவிட வேண்டும்.

பெங்களூரிலோ சென்னையிலோ ஆன்லைனிலோ வாங்கியிருந்தாலும், குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம் என்பது 2019 சட்டம் தந்த பெரிய உரிமை. பங்காருபேட்டைக்காரருக்குக் கோலார் மாவட்ட ஆணையம் போதும். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிட்டால் பேச்சிலேயே தீர்ந்துவிடும் விவகாரங்களும் உண்டு. ஆன்லைன் தளமாக இருந்தால் அதன் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரை ஒப்புக்கொண்டு ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்று 2020 விதிகள் சொல்கின்றன. பார்சல் பிரிப்பதை ஒரே மூச்சில் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு வாய்ச்சண்டை குறையும்.

வைஃபை, புளூடூத் உள்ள கேமரா பாதி செல்போன். 2019 ஆகஸ்டில் செக் பாயின்ட் நிறுவன ஆய்வாளர்கள் கேனான் 80டி கேமராவுக்குள் வைஃபை வழியே நுழைந்து, உள்ளிருந்த படங்களைப் பூட்டிப் பணயம் கேட்க முடியும் என்று காட்டினார்கள். கேனான் அதற்கு மாற்று மென்பொருள் வெளியிட்டது. அதனால் வாங்கியதும் கம்பெனித் தளத்தில் புதிய மென்பொருள் இருக்கிறதா என்று பார்த்து ஏற்ற வேண்டும், இலவசம்தான். மண்டபத்து வைஃபையில் கேமராவை இணைக்காமலிருப்பது மேல். செல்போனோடு இணைத்தால் எடுத்த இடமும் படத்துக்குள் பதியும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது உதிர்ந்துவிடும், டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். பெண் வீட்டில் எடுத்த நலங்குப் படத்தோடு அந்த வீட்டின் இடமும் ஊர்சுற்றக் கூடாதல்லவா?

கேமராவுக்குள் காப்புரிமையாளர் என்று பெயரை எழுதிவைக்கவும் இடமுண்டு. எழுதலாம், அதனால் உரிமை வந்துவிடாது. 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் 17-வது பிரிவுப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். மணமகள் படத்தை இன்ஸ்டாகிராமில் விளம்பரத்துக்குப் போட நினைப்பவர் அட்வான்ஸ் வாங்கும் தாளிலேயே சம்மதத்தை எழுதி வாங்க வேண்டும்.

பழைய கேமராவை விற்கும்போது இந்தப் பெயரும், வைஃபை கடவுச்சொற்களும் உள்ளேயே இருக்கும். எல்லா அமைப்புகளையும் அழிக்கும் கட்டளை மெனுவில் உண்டு, காப்புரிமைப் பெயரைத் தனியாக அழிக்க வேண்டியிருக்கலாம். கார்டைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. சாதாரணமாக ஃபார்மட் செய்த கார்டிலிருந்து படங்களை மீட்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பழையது வாங்குகிறவர் தனியாளிடம் வாங்கினால் நுகர்வோர் ஆணையம் கைகொடுப்பது அரிது, ஏனெனில் விற்றவர் வியாபாரி அல்ல. திருட்டுப் பொருள் என்று தெரிந்தும் வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவில் தண்டனை உண்டு. அசல் பில்லைக் கேட்டு வாங்கி, சீரியல் எண், தேதி, தொகை எழுதிய தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ள ஐந்து நிமிடம்கூட ஆகாது.