மூன்று அகலம் கண்ட காஞ்சி ரயில் பாதை

முக்தி தரும் நகரங்கள் ஏழனுள் ஒன்றான காஞ்சிக்கு, அடியார்கள் நெடுங்காலம் நடந்தும் மாட்டு வண்டியிலும் வந்து சேர்ந்தனர். அந்த வழக்கத்தை மாற்றியது, 1865-ஆம் ஆண்டு அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு ஓடத் தொடங்கிய சிறு ரயில்.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அது அரக்கோணம் வழியே சென்றது. காஞ்சி விலகி நின்றது. குறைந்த செலவில் கிளைப் பாதைகள் அமைக்கவென்று தோன்றிய 'இந்தியன் டிராம்வே கம்பெனி' அந்த இடைவெளியை நிரப்பியது. முதன்மைப் பாதையின் அகலம் 5 அடி 6 அங்குலம். இந்தக் கிளைப் பாதைக்கோ 3 அடி 6 அங்குலம்தான். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தூரத்தை நீராவி இன்ஜின் கடந்தது.

பின்னர் அந்நிறுவனம் 'கர்நாடிக் ரயில்வே' என்று பெயர் மாறி, 1874-இல் தென்னிந்திய ரயில்வே உருவானபோது அதனுடன் இணைந்தது. 1878-இல் பாதை மீட்டர் கேஜாக மாற்றப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் செங்கல்பட்டு வரை நீண்டது. நம் காலத்தில் அது அகலப் பாதையாயிற்று. ஒரே பாதை மூன்று அகலங்களைக் கண்டது அபூர்வமே.

என் இளமையில் கண்டது மீட்டர் கேஜ் நீராவி ரயில். வைகாசி கருட சேவைக்கு முதல் நாளே பெட்டிகள் நிரம்பிவிடும். கரித்தூள் படியும் என்பதால் பெண்கள் பழைய நூல் புடவையில் பயணம் செய்வார்கள்; பட்டுப் புடவையை மடித்துப் பையில் வைத்து, காஞ்சியில் இறங்கி நீராடிய பிறகே உடுத்துவார்கள். ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம் கண்ணில் பட்டதும் பெட்டி முழுவதும் கைகள் குவியும். 1979-இல் அத்தி வரதர் எழுந்தருளியபோதும் இந்த ரயிலில் வந்தவர்கள் பலர். திருத்தணி, திருப்பதி செல்வோர் அரக்கோணத்தில் இறங்கி, அகலப் பாதை வண்டிக்கு மூட்டை முடிச்சுகளோடு மாறுவார்கள்.

இப்பாதையின் பெருமை காஞ்சியோடு முடிவதில்லை. தக்கோலம், தேவாரம் பாடிய திருவூறல். சோழ இளவரசன் ராஜாதித்தன் போரில் வீழ்ந்த ஊரும் அதுவே. அடுத்து திருமால்பூர், திருமால் சிவபெருமானைப் பூஜித்துச் சக்கரம் பெற்ற திருத்தலம். செங்கல்பட்டுத் திசையில் பழையசீவரம், லட்சுமி நரசிம்மர் மலை மேல் அருளும் ஊர். தை மாதம் கனுவன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்கு இங்கே எழுந்தருள்கிறார். எதிர்க்கரையில் பாலாற்றோடு வேகவதியும் செய்யாறும் கூடும் திருமுக்கூடல்.

இன்று பெரும்பாலோர் காரில் வந்து, காஞ்சியில் இரண்டு மூன்று சந்நிதிகளைத் தரிசித்து மாலைக்குள் திரும்பிவிடுகிறார்கள். வழியிலுள்ள இந்தத் திருத்தலங்கள் நினைவுக்கே வருவதில்லை. ஆனால் சென்னைக் கடற்கரையிலிருந்து திருமால்பூர் வரை மின்சார ரயில் ஓடுகிறது. வயதானவர்கள் துணையோடு காலை வண்டியில் புறப்பட்டால், ஒரு நாளுக்கு ஒரு ஊர் என நிதானமாகச் சேவிக்கலாம். கோயில்கள் சில நிலையத்திலிருந்து தள்ளியிருப்பதால் ஆட்டோ தேவைப்படும். வண்டிகள் குறைவு, திரும்பும் ரயிலின் நேரத்தையும் கோயில் நடை திறக்கும் நேரத்தையும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

ஒரு விண்ணப்பமும் உண்டு. 1855-இல் உருவான 'இ.ஐ.ஆர். 21' என்னும் நீராவி இன்ஜின் பெரம்பூரில் சீரமைக்கப்பட்டு, சிறப்பு நாள்களில் சென்னையில் ஓட்டப்பட்டிருக்கிறது. அது அகலப் பாதை இன்ஜின்; காஞ்சிப் பாதையும் இப்போது அகலப் பாதையே. ஆண்டுக்கு ஒரு நாளேனும், கருட சேவையை ஒட்டி அது இங்கே ஓட ரயில்வே நிர்வாகம் பரிசீலிக்கலாம். பேரக் குழந்தைகள் அந்தப் புகையையும் கோபுரத்தையும் ஒருசேரக் காணட்டும். அதுவரை, இருக்கும் ரயிலில் நாம் ஏறுவோம். பயணிகள் ஏறினால்தான் சிறு நிலையங்களில் வண்டி நிற்கும். வண்டி நின்றால்தான் அந்த ஊர்க் கோயில்களில் கூட்டம் சேரும்.