வேலியா, வழியா? கட்டியைச் சுற்றி ஓடும் நார்கள்

மார்பகப் புற்றுநோய்த் திசுவின் ஸ்லைடை முதன்முதலாக மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது என் கண் நேராக ஊதா நிறச் செல்களிடம்தான் போனது. சுற்றிலும் வெளிர் ரோஸ் நிறத்தில் ஒரு பரப்பு. வெறும் பின்னணிதானே என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது என்று புரிய ரொம்ப நாள் ஆனது.

அந்த ரோஸ் பரப்பில் பெரும்பகுதி கொலாஜன். தோலிலும் தசைநாணிலும் இருக்கும் அதே புரதம், நார் நாராக. மார்பில் கைக்குத் தட்டுப்படும் கட்டி அவ்வளவு கெட்டியாக இருப்பதற்கு இந்த நார்கள் முக்கியக் காரணம். ஆனால் வழக்கமான சாயத்தில் எல்லாமே ஒரே ரோஸ்; எந்த நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

இங்கேதான் லேசர் வருகிறது. உதாரணத்துக்கு, 890 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை மிகக் குறுகிய துடிப்புகளாகத் திசுவில் ஒரு புள்ளியில் குவிக்கிறார்கள். கொலாஜனில் பட்டதும் இரண்டு ஃபோட்டான்கள் சேர்ந்து ஒன்றாகி வெளியே வருகின்றன. ஆற்றல் இரட்டிப்பு, அலைநீளம் சரிபாதி: 445 நானோமீட்டர், நீலம். இதற்குத் தனிச் சாயம் எதுவும் வேண்டாம். மூன்று இழை முறுக்கிய கயிறு மாதிரியான கொலாஜன், ஒழுங்காக அடுக்கி இருப்பதால்தான் இது நடக்கிறது. செல்களில் பெரும்பாலும் அந்த ஒழுங்கு இல்லை, அதனால் படத்தில் அவை இருட்டு. நார்கள் மட்டும் பளிச்.

இதற்குப் பெயர் செகண்ட் ஹார்மானிக் ஜெனரேஷன். 1961இல் மிச்சிகனில் பீட்டர் ஃப்ராங்கன் குழு குவார்ட்ஸ் படிகத்தில் இதை முதலில் கண்டது. ஆதாரமாக அனுப்பிய படத்தில் இருந்த சின்னப் புள்ளியை, ஏதோ அழுக்கு என்று நினைத்து அச்சுக்குப் போகும்போது அழித்துவிட்டார்கள்! கண்டுபிடிப்பே அந்தப் புள்ளிதான்.

சரி, கட்டிக்கு வருவோம். விஸ்கான்சின் மேடிசன் பல்கலைக்கழகத்தில் பட்ரீசியா கீலி, கெவின் எலிசெரி குழுவினர் எலிகளின் மார்பகக் கட்டிகளை இப்படிப் பார்த்து 2006இல் மூன்று அமைப்புகளை விவரித்தார்கள். முதலில், கட்டி இருக்கும் இடத்தில் கொலாஜன் அடர்த்தியாகிறது. அடுத்தது, வளரும் கட்டி நெருக்கித் தள்ள, நார்கள் அதன் ஓரத்தோடு ஒட்டி விறைப்பாக ஓடுகின்றன, வேலி மாதிரி. மூன்றாவதுதான் பயமுறுத்துவது. நார்கள் ஓரத்துக்குச் செங்குத்தாகத் திரும்பி வெளிப்பக்கம் நீள்கின்றன. செல்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டே ஊர்ந்து வெளியேறுகின்றன. வேலியே வழியாகிவிடுகிறது. நாரை இழுத்து நேராக்குவதும் செல்கள்தான், நேரான நாரில் ஓடுவதும் செல்கள்தான்.

மனிதர்களில்? 2011இல் 196 நோயாளிகளின் திசுக்களைப் பார்த்தார்கள். மூன்றாம் அமைப்பு இருந்தவர்களுக்கு நோய் திரும்பும் அபாயமும் அதனால் இறக்கும் அபாயமும் சுமார் 3 மடங்கு அல்லது அதற்கும் மேல். கட்டியின் அளவு, கிரேடு, நிணநீர்க் கணு, ஹார்மோன் ஏற்பி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் இது நின்றது. யாருக்குக் கடுமையான சிகிச்சை வேண்டும், யாரை அந்த அவதியிலிருந்து விடலாம் என்று முடிவெடுக்கத் திணறும் இடத்தில் இது சின்னத் தகவல் இல்லைங்க.

அதற்காக நாளைக்கே எல்லா லேபிலும் வந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். லேசரின் விலை ஒருபக்கம் இருக்கட்டும். ஸ்லைடு என்பது சில மைக்ரான் தடிமனுக்குச் சீவிய துண்டு. நார் ஓடுவதோ முப்பரிமாணத்தில். நம்மை நோக்கி நீளும் நார், வெட்டில் வெறும் புள்ளியாகத்தான் தெரியும். ஊசியில் எடுத்த பயாப்ஸியில் கட்டியின் ஓரமே சிக்காமல் போகலாம். ஓரம் இல்லையென்றால் கோணத்தை எதிலிருந்து அளப்பது?