குட்டைப் பனையின் பழம் மருந்தாகுமா?

முதுமையில் பல ஆண்களுக்குப் பிராஸ்டேட் சுரப்பி பெருத்துச் சிறுநீர்ப் பாதையை நெருக்குகிறது. ஃபுளோரிடாவில் வளரும் ‘சா பால்மெட்டோ’ என்னும் குட்டைப் பனையின் பழச்சத்து இதற்கு மருந்தாக விற்கப்படுகிறது. அது பயன் தருமா?

2011-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில் 369 பேர் பங்கேற்றனர். ஒரு சாராருக்குப் பழச்சத்தும், மறு சாராருக்கு அதே தோற்றமுள்ள போலி மருந்தும் தரப்பட்டன. எவருக்கு எது என்பதை நோயாளியும் அறியார், மருத்துவரும் அறியார். படிப்படியாக மூன்று மடங்கு அளவு கொடுத்து, 72 வாரங்கள் கவனித்தனர். இரு சாராருக்கும் தொல்லை சற்றுக் குறைந்தது! போலி மருந்தைவிடப் பழச்சத்து சிறக்கவில்லை. போலி மருந்து உண்டவர்கள் இல்லாதிருந்தால், பழமே குணப்படுத்தியது என்றல்லவா எண்ணியிருப்போம்?

பெருந்தீங்கும் காணப்படவில்லை. ஆயினும், தீங்கற்றது எல்லாம் மருந்தாகிவிடாது. சிறுநீர்த் தடைக்குப் புற்றுநோயும் காரணமாகலாம். பழச்சத்தை நம்பி மருத்துவரிடம் செல்லத் தாமதிப்பதே உண்மையான ஆபத்து.