மெமரி கார்டை அழிக்கும் முன் ஒரு நிமிடம்

நான் முழுநேர போட்டோகிராபர் இல்லை. திண்டுக்கல்லில் ஒரு கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதுவதுதான் என் வேலை. முகூர்த்த நாட்களில் மட்டும் லீவு போட்டுவிட்டுக் கேமராவைத் தூக்கிக் கொண்டு கிளம்பிவிடுவேன். காது குத்து, பிறந்த நாள், வளைகாப்பு, கல்யாணம் என்று பதினைந்து வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டது.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் எந்தக் கேமரா நல்லது, எந்த லென்ஸ் வாங்கலாம், போட்டோஷாப் எங்கே கற்றுக் கொள்வது என்றுதான். எடுத்த படத்தை எப்படிக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது, எங்கே வைப்பது என்று யாரும் கேட்பதில்லை. அதில் என்ன இருக்கிறது, கார்டைச் செருகினால் வந்துவிடுகிறது என்று நினைக்கிறார்கள். நானும் 2012 வரை அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தேன்.

அந்த வருடம் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு இரவு பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கேமரா நிக்கான் டி40. ஆறு மெகா பிக்ஸல்தான் என்றாலும் எனக்குச் சோறு போட்ட கேமரா. கார்டில் 412 படங்கள். கார்டு ரீடரில் செருகி, கண்ட்ரோல் + ஏ அழுத்தி எல்லாவற்றையும் செலக்ட் செய்து, கண்ட்ரோல் + எக்ஸ் கொடுத்து, ஹார்ட் டிஸ்க்கில் புது போல்டரில் பேஸ்ட் செய்தேன். பாதியில் கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் பேட்டரி செத்துப் பல நாளாகியிருந்தது. அலுப்பில் படுத்துவிட்டேன்.

மறுநாள் மாலை ஒரு பிறந்த நாள் விழா. கிளம்பும் அவசரத்தில் கம்ப்யூட்டரைத் திறந்து போல்டரைப் பார்த்தேன். பெண் அழைப்பு, மாலை மாற்றல் எல்லாம் வரிசையாக இருந்தன. சரி, வந்துவிட்டது என்று கார்டைக் கேமராவில் போட்டு பார்மட் செய்தேன். பிறந்த நாளுக்கு அறுபது படங்கள் எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் கல்யாண போல்டரை முழுவதும் பார்த்தேன். இருந்தவை 187. தாலி கட்டியது இல்லை. பெரியவர்கள் ஆசீர்வாதம் செய்தது ஒன்றுகூட இல்லை.

என்ன நடந்தது?

கட் என்பது ஒரே வேலை அல்ல. ஒரு டிரைவிலிருந்து இன்னொரு டிரைவுக்குக் கட் செய்து பேஸ்ட் செய்யும்போது, விண்டோஸ் ஒவ்வொரு பைலாகக் காப்பி செய்து, காப்பியானதை மூல இடத்திலிருந்து அழித்துக் கொண்டே போகும். நடுவில் கரண்ட் போனால் பாதிப் படம் கம்ப்யூட்டரில், மீதி கார்டில். இதில் இன்னொரு ஆபத்து, சரிபார்க்க வழியே இல்லாமல் போவது. காப்பி என்றால் வேலை முடிந்த பிறகும் கார்டில் 412 அப்படியே இருக்கும். இரண்டு பக்கமும் எண்ணிப் பார்த்துக் கொள்ளலாம். கட் செய்தவனுக்கு எதை எதோடு ஒப்பிடுவது?

ஆகவே கண்ட்ரோல் + எக்ஸ் வேண்டாம். கண்ட்ரோல் + சி மட்டும். முடிந்ததும் கார்டில் உள்ள போல்டரை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள். எத்தனை பைல், எவ்வளவு சைஸ் என்று காட்டும். ஹார்ட் டிஸ்க் போல்டரிலும் அதையே பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். நடுவிலும் கடைசியிலும் சில படங்களைத் திறந்து பாருங்கள். நான் செய்தது போல முதல் பத்துப் படத்தைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். போனிலிருந்து எடுப்பவர்களுக்கும் இதேதான். கேபிள் மாட்டியதும் ஆண்ட்ராய்டு போனில் பைல் டிரான்ஸ்பர் என்பதைத் தேர்ந்தெடுத்தால் டிசிஐஎம் என்ற போல்டர் தெரியும். கேமராவில் எடுத்த படங்கள் அதற்குள் இருக்கும்.

அழிந்தது திரும்பி வருமா?

கார்டை பார்மட் செய்தால் உள்ளே இருப்பது முழுவதும் துடைக்கப்படுவதாக நாம் நினைக்கிறோம். பெரும்பாலான கேமராக்கள் அப்படிச் செய்வதில்லை. புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழித்துப் போடுவது போலத்தான். பக்கங்கள் உள்ளேயே இருக்கும், அவற்றின் மேல் புதிதாக எதையாவது எழுதும் வரை. எனவே படம் போய்விட்டது என்று தெரிந்த நொடியில் கார்டை வெளியே எடுத்து வையுங்கள். அதில் ஒரு படம்கூட மேற்கொண்டு எடுக்கக் கூடாது.

நான் ஏற்கெனவே அறுபது படம் எடுத்திருந்தேன். இங்கேதான் அதிர்ஷ்டம் கொஞ்சம் கை கொடுத்தது. பார்மட் செய்த கார்டில் கேமரா ஆரம்பத்திலிருந்து எழுதியிருக்கிறது. அந்த இடத்தில் இருந்தவை கல்யாணத்தின் முதல் படங்கள். அவைதான் ஏற்கெனவே கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டனவே!

நண்பர் ஒருவர் சொல்லி போட்டோரெக் என்ற இலவச புரோகிராமை இறக்கினேன். கிறிஸ்தோஃப் கிரெனியே என்பவர் எழுதியது, டெஸ்ட்டிஸ்க் என்ற புரோகிராமுடன் சேர்ந்து கிடைக்கும். அப்போது கறுப்புத் திரையில் அம்புக்குறி கீகளை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். இப்போது மவுஸில் கிளிக் செய்து ஓட்டும் வடிவமும் வருகிறது. இது பொருளடக்கத்தைத் தேடுவதே இல்லை. பக்கம் பக்கமாகப் புரட்டி, ஜேபெக் படம் தொடங்கும் அடையாளம் எங்கே இருக்கிறது என்று பார்த்து எடுத்துத் தரும். மீட்ட படங்களைச் சேமிக்க ஹார்ட் டிஸ்க்கில் ஒரு போல்டரைக் காட்டுங்கள். அதே கார்டைக் காட்டினால் மீட்க வேண்டியதன் மேலேயே எழுதிக் கெடுத்துவிடும்.

வந்து விழுந்த படங்களுக்குப் பழைய பெயர் இருக்காது, வெறும் எண்கள்தான் இருக்கும். ஆனால் எடுத்த தேதியும் நேரமும் படத்துக்குள்ளேயே பதிவாகியிருப்பதால், டேட் டேக்கன் என்பதை வைத்து வரிசைப்படுத்திவிட்டேன். (கேமராவின் கடிகாரத்தைச் சரியாக வைக்க வேண்டும் என்று இதிலிருந்து தெரிந்து கொள்ளுங்கள். இரண்டு கேமரா வைத்து எடுப்பவர்கள் காலையிலேயே இரண்டின் நேரத்தையும் ஒன்றாக வைத்துவிட வேண்டும்.) கூடவே மூன்று மாதத்துக்கு முன் எடுத்த வேறொரு வீட்டு வளைகாப்புப் படங்களும் எட்டிப் பார்த்தன. அன்றிலிருந்து பழைய கார்டை நான் யாருக்கும் சும்மாகூடக் கொடுப்பதில்லை.

225 படங்களில் 214 முழுதாக வந்தன. ஏழு திறக்கவே இல்லை. நான்கு படங்களில் மேல் பாதி மட்டும் தெரிந்து, கீழே வெறும் சாம்பல் நிறம். காரணம் நான்தான். மண்டபத்தில் உட்கார்ந்து, கண் மூடியது, ஆடியது என்று கேமராவிலேயே ஒவ்வொன்றாக டெலீட் செய்து கொண்டிருந்தேன். அப்படி அழித்த இடங்களில் பின்னால் எடுத்த படங்கள் போய் உட்கார்ந்தன. ஒரு ஓட்டைக்குள் அடங்காத படம் மீதியை வேறு எங்கோ வைத்தது. பொருளடக்கம் போன பிறகு அந்தத் துண்டுகளைச் சேர்ப்பது போட்டோரெக்கால் பெரும்பாலும் முடியாத வேலை. கார்டு இப்போது மலிவு. நிகழ்ச்சி முடியும் வரை எதையும் கேமராவில் டெலீட் செய்யாதீர்கள். கழிப்பதை வீட்டில் பெரிய திரையில் பார்த்துச் செய்யலாம்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. இதையெல்லாம் கார்டிலும் பழைய ஹார்ட் டிஸ்க்கிலும் செய்யலாம். இப்போது நீங்கள் வாங்கும் லேப்டாப்பில் இருப்பது பெரும்பாலும் எஸ்எஸ்டி. அதில் பைலை அழித்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டால், ட்ரிம் என்ற வசதி அந்த இடத்தைச் சிறிது நேரத்தில் உண்மையாகவே காலி செய்துவிடும். பிறகு எந்த புரோகிராமைக் கொண்டு வந்தாலும் கிடைப்பது அரிது.

அந்த அரைப் படம்

சாம்பல் விழுந்த நான்கில் ஒன்று, மணமக்கள் பெண்ணின் அப்பத்தா காலில் விழுந்து கும்பிடும் படம். மேல் பாதியில் அப்பத்தாவின் முகமும் விபூதி எடுத்த கையும் இருந்தன. மணமக்கள் இருந்த கீழ்ப் பாதி இல்லை.

பெண்ணின் அப்பாவிடம் நேரில் போய் நடந்ததைச் சொன்னேன். பேசிய தொகையில் கால் பங்கை வேண்டாம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பணத்தை விடுங்க தம்பி. அம்மாவைத் தனியா எடுத்த போட்டோ வேற எதுவும் எங்க வீட்ல இல்ல. அந்த மூஞ்சியையாவது போட்டுக் குடுங்க" என்றார்.

முகத்தை மட்டும் வெட்டி எடுத்தேன். கிடைத்தது 667 X 1000 பிக்ஸல். லேபில் நல்ல பிரிண்ட் போட அங்குலத்துக்கு 300 பிக்ஸல் வேண்டும் என்பது கணக்கு. 4 X 6 அளவுக்கே 1200 X 1800 வேண்டும். நம்மிடம் இருந்ததில் அங்குலத்துக்கு 167 தான் வரும். சிறிய அளவு என்பதால் சமாளித்துவிட்டது, பிரேம் போட்டுக் கொடுத்தேன். 2014இல் அப்பத்தா தவறிப் போனபோது அதையே 12 X 18 அளவில் கேட்டார்கள். அதற்கு 3600 X 5400 வேண்டும். போட்டுப் பார்த்தோம். முகம் மெழுகு பூசியது போல் வந்தது. அதைத்தான் மாலை போட்டு வைத்தார்கள். அந்த வீட்டுக்குப் போனால் நான் இன்றும் அந்தச் சுவர்ப் பக்கம் பார்ப்பதில்லை.

இப்போது நான் செய்வது

இரவு எத்தனை மணி ஆனாலும் படுக்கும் முன் காப்பி. ஒன்று லேப்டாப்பில், ஒன்று வெளியே மாட்டும் ஹார்ட் டிஸ்க்கில். எண்ணிக்கை சரிபார்த்த பிறகும் ஆல்பம் கைக்குப் போகும் வரை கார்டை அழிப்பதில்லை. இன்னொரு ஹார்ட் டிஸ்க் என் தங்கை வீட்டில் இருக்கிறது, மாதம் ஒரு முறை மாற்றி வைப்பேன். மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்ற இந்த முறையை அமெரிக்க போட்டோகிராபர் பீட்டர் குரோக் பிரபலமாக்கினார். இணையத்தில் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூகுள் போட்டோஸில் அளவில்லாமல் இலவசமாக ஏற்றும் வசதி 2021 ஜூன் மாதத்தோடு நின்றுவிட்டது. இப்போது ஜிமெயில், டிரைவ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம்.

போல்டருக்குப் பெயர் வைக்கும்போது வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் வையுங்கள். 2012-05-23 கல்யாணம் என்பது போல. தானாகவே தேதி வரிசையில் நிற்கும். எல்லாப் படத்தையும் ஒரே போல்டரில் கொட்டாதீர்கள். கேமராவின் எண் 9999 வந்ததும் திரும்ப 0001 ஆகிவிடும். பழைய படமும் புதுப் படமும் ஒரே பெயரில் மோதும்போது விண்டோஸ் ரீப்ளேஸ் செய்யவா என்று கேட்கும். அவசரத்தில் ஆமாம் என்று சொல்லிவிட்டால் பழையது போயிற்று.

படத்தைத் திருத்துவதானால் காப்பியில் திருத்துங்கள். ஜேபெக் படத்தைத் திருத்தித் திருத்திச் சேவ் செய்யும் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் குறையும். முன்பு எல்லோரும் பிகாசா வைத்திருந்தோம், அதை கூகுள் 2016இல் நிறுத்திவிட்டது. இப்போது வீட்டு உபயோகத்துக்கு பாஸ்ட்ஸ்டோன், இர்பான்வியூ இரண்டுமே இலவசம். ரா பைல் எடுப்பவர்களுக்கு டார்க்டேபிள் இருக்கிறது. பழக நாளாகும்.

திரையில் பளிச்சென்று இருந்த படம் பிரிண்டில் இருட்டாக வருகிறது என்று லேப்காரரைத் திட்டுவோம். பெரும்பாலும் தப்பு நம் திரையில். பிரைட்னஸ் முழுவதும் ஏற்றி வைத்திருப்போம். லேபில் போட்ட ஒரு பிரிண்டை வெளிச்சத்தில் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக் கொண்டு, இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும் வரை பிரைட்னஸைக் குறையுங்கள். அதன் பிறகு திருத்துங்கள்.

உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமெண்ட் என்பதன் வழியாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் சுருக்கிவிடும். அப்படிச் சுருங்கி வந்த படத்தைக் கொடுத்து ஆல்பம் போடச் சொல்பவர்கள் வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் வருகிறார்கள்.

ஆடி மாதத்தில் எங்களுக்கு முகூர்த்தம் கிடையாது. அந்த ஒரு மாதத்தில் பழைய டிவிடிக்களை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுவது என் வழக்கம். புது லேப்டாப்பில் டிவிடி டிரைவே இல்லாததால், யுஎஸ்பியில் மாட்டும் டிரைவ் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். சென்ற ஆடியில் 2008இல் எழுதிய இரண்டு டிஸ்க் திறக்கவே இல்லை. ஒன்று நண்பர் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் போட்டபோது திறந்து கொண்டது. இன்னொன்றுக்கு இன்னும் டிரைவ் தேடிக் கொண்டிருக்கிறேன். பாக்கி இருப்பது ஒன்பது டிஸ்க். ஆவணி முகூர்த்தம் ஆரம்பிப்பதற்குள் முடிக்க வேண்டும்.