862 கோடிக் கட்டடம், 16 சதவீதப் பரிசீலனை

புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு 2020-ல் முடிவான ஒப்பந்தத் தொகை 861.90 கோடி ரூபாய். மக்களவையில் 888 இருக்கைகள், மாநிலங்களவையில் 384. சட்டமன்றங்களில் காகிதத்தை ஒழிக்கும் ‘நேவா’ திட்டத்துக்கு 673.94 கோடி. இந்தச் செலவுகளை நான் குறை சொல்லவில்லை. நாடாளுமன்றம் நடக்கும் நாட்களும் கூடியிருந்தால் மகிழ்ந்திருப்பேன்.

முதல் மக்களவை ஆண்டுக்குச் சராசரியாக 135 நாள் கூடியது. 17-வது மக்களவை (2019–24) 55 நாள்தான். அதில் நிறைவேறிய மசோதாக்களில் 35 சதவீதம், மக்களவையில் ஒரு மணி நேர விவாதத்தைக்கூடப் பார்க்கவில்லை.

சட்டம் உருவாகும்போது சாதாரண மக்கள் வாய் திறக்க முக்கியமான வழி நாடாளுமன்றக் குழுக்கள். மசோதா குழுவுக்குப் போனால் பத்திரிகையில் விளம்பரம் வரும். யாரும் கருத்து எழுதி அனுப்பலாம், குழு அழைத்தால் நேரில் போய்ச் சொல்லலாம். 15-வது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுவுக்குப் போயின. 16-வதில் 27. 17-வதில் 16.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கதையைப் பாருங்கள். 2019 மசோதாவை நாடாளுமன்றக் கூட்டுக் குழு இரண்டு ஆண்டுகள், 78 அமர்வுகளில் ஆராய்ந்து 81 திருத்தங்கள் சொன்னது. 2022 ஆகஸ்டில் மசோதா திரும்பப் பெறப்பட்டது. அந்த நவம்பரில் வந்த புதிய வரைவுக்கு 20,000-க்கும் மேல் கருத்துகள் குவிந்தன. அவற்றை அரசு வெளியிடவில்லை. 2023 ஆகஸ்ட் 3 அன்று அறிமுகமான மசோதா 7-ல் மக்களவையையும் 9-ல் மாநிலங்களவையையும் கடந்தது. குழுவுக்கு அனுப்பப்படவே இல்லை. 140 கோடிப் பேரின் அந்தரங்கத்தைத் தொடும் சட்டத்துக்கு ஒரு வாரம் போதுமா?

மக்களுக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வக்ஃபு திருத்த மசோதாவின் கூட்டுக் குழுவுக்கு 2024-ல் வந்த கருத்து மனுக்கள் சுமார் 97 லட்சம். எழுத 15 நாள் அவகாசம். ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத வேண்டும் என்றது விளம்பரம். அவைக்குள் நம் எம்.பி. தமிழில் பேசினால் உடனே மொழிபெயர்க்க ஆள் உண்டு. அவரைத் தேர்ந்தெடுத்தவர் தமிழில் மனு எழுத இடமில்லை. கட்டடத்துக்கும் கணினிக்கும் ஒதுக்கியதில் சிறு பங்கு இருந்தாலே தமிழ் மனுக்களின் மொழிபெயர்ப்பைச் செய்துவிடலாம். குழுவுக்கு முந்தைய கட்டத்துக்கும் ஒரு வழி உண்டு: வரைவு மசோதாவை 30 நாளாவது மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014-ல் அரசே முடிவெடுத்தது. அதற்குச் சட்டக் கட்டாயம் இல்லை. முதலில் அதைக் கட்டாயமாக்க வேண்டும். வரும் கருத்துகளை எல்லாரும் படிக்க வெளியிடவும் வேண்டும்.