‘சருங்கலே’ நடராஜாவும் ஆளுநர் காமினியும்

சிங்களத் திரையுலகின் ஈடிணையற்ற நடிகராகப் போற்றப்படும் காமினி பொன்சேகா, 2004 செப்டெம்பர் 30 ஆம் திகதி தமது 68 ஆவது வயதில் காலமானார். தென்னிலங்கை மக்களுக்கு அவர் எத்தகைய நாயகனாக விளங்கினார் என்பதைப் பற்றிச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நிறையவே எழுதப்பட்டுள்ளது. ஆனால் அவரது வாழ்வு வடக்கையும் கிழக்கையும் திரும்பத் திரும்பத் தொட்டுச் சென்றமை நம்மவர்களால் கூட அதிகம் பேசப்பட்டதில்லை.

1936 மார்ச் 21 இல் தெஹிவளையில் பிறந்து, கல்கிசை புனித தோமையார் கல்லூரியில் பயின்ற காமினி, நடிகராகும் எண்ணத்துடன் சினிமாவுக்கு வந்தவரல்லர். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ (1956) படத்தில் ஒளிப்பதிவுப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்தவரே பின்னர் கமராவின் முன்னால் நிறுத்தப்பட்டார். 1960 இல் வெளியான ‘சந்தேசய’ அவரை ரசிகர்களுக்கு அறிமுகம் செய்தது. அதனைத் தயாரித்தவர் கே. குணரத்தினம் என்ற தமிழர். 1947 இல் வெளியான முதலாவது சிங்களப் பேசும் படத்தைத் தயாரித்த எஸ். எம். நாயகமும் தமிழரே. இயக்குநர் எம். மஸ்தான், பாடகர் மொஹிதீன் பேக் போன்ற முஸ்லிம் கலைஞர்களும் அந்தத் துறையை வளர்த்தவர்களே. அவ்வாறு பல சமூகத்தவரும் சேர்ந்து கட்டிய துறையிலிருந்துதான் காமினி என்ற நட்சத்திரம் எழுந்தது. ஹெந்தளையில் இருந்த குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ 1983 ஜூலையில் எரிக்கப்பட்டது என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டியுள்ளது.

1962 இல் வெளியான ‘ரன்முத்து தூவ’, முதலாவது முழுநீள வர்ணச் சிங்களப் படமாகும். திருகோணமலைக் கடலின் அடியில் எடுக்கப்பட்ட காட்சிகளே அதன் பெரும் கவர்ச்சி. ஆழ்கடற் புதையலைத் தேடும் கதையில் இளம் காமினி நாயகனாகத் தோன்றினார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1971 இல், இலங்கையின் முதலாவது சினிமாஸ்கோப் படமான டி. பி. நிஹால்சிங்கவின் ‘வெலிகதர’ அவரை யாழ்ப்பாணக் குடாநாட்டின் மணற்குன்றுகளுக்கு அழைத்து வந்தது. அதிகாரமும் ஆணவமும் உள்ளூர அச்சமும் கொண்ட உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் ரந்தெனியவாக அவர் நடித்த விதம் இன்றும் வியப்புக்குரியது. எனினும் இவ்விரு படங்களிலும் எமது மண் வெறும் காட்சிப் பின்னணியாகவே இருந்தது. கடலும் மணலும் திரையில் நிறைந்திருந்தன. அவற்றின் கரையில் வாழ்ந்த மக்கள் கதைக்குள் வரவில்லை.

இடையில் ‘கம்பெரலிய’வில் ஜினதாசவாகவும், ‘நிதானய’வில் புதையலாசையால் மனைவியையே பலியிடும் வில்லி அபேநாயக்கவாகவும் அவர் பெற்ற புகழைப் பற்றி இங்கு விரிப்பதற்கில்லை. ‘நிதானய’ 1972 இல் வெனிஸ் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. அதே காலத்தில், சண்டைப் படங்களின் நாயகனாகவும் அவர் திரையரங்குகளை நிறைத்தார். கலைப் படத்துக்கும் வணிகப் படத்துக்கும் ஒருங்கே உரியவராக இருந்ததே அவரது பலம் எனலாம்.

இந்தப் பலத்தை அவர் எதற்காகச் செலவிட்டார் என்பதற்கு 1979 இல் வெளிவந்த ‘சருங்கலே’ சான்றாக நிற்கிறது. பட்டம் என்பது அப்பெயரின் பொருள். சுனில் ஆரியரத்ன இயக்கிய இப்படத்தில், காமினி நடராஜா என்ற தமிழ் அரசாங்க எழுதுவினைஞராக நடித்தார். தென்னிலங்கையில் கடமையாற்றும் நடராஜா, சிங்கள அயலவரோடு பாசத்துடன் பழகுகிறார். இறுதியில் இனவெறிக்குப் பலியாகிறார். யாழ்ப்பாணச் சமூகத்தின் சாதிக் கொடுமையையும் படம் மறைக்கவில்லை என்பது அதன் நேர்மைக்குச் சான்று.

படம் வெளிவந்த காலத்தையும் கவனத்தில் கொள்ள வேண்டும். 1977 ஆகஸ்ட் வன்செயல் முடிந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. பயங்கரவாதத் தடைச்சட்டம் நிறைவேற்றப்பட்டதும் அந்த 1979 இலேயே. இத்தகைய வேளையில், திரையரங்கில் விசிலடித்து வரவேற்கப்பட்ட சிங்கள வீரநாயகன், அடிவாங்கும் தமிழனாகத் திரையில் தோன்றினார். தங்கள் அபிமான நடிகரின் முகத்தில் ஒரு தமிழனின் அச்சத்தைக் காண அந்த ரசிகர்கள் நிர்ப்பந்திக்கப்பட்டனர். தமிழ்ப் பாத்திரத்துக்கு ஒரு தமிழ் நடிகர் ஏன் தெரிவு செய்யப்படவில்லை என்ற கேள்வி நியாயமானதே. ஆயினும் வேறு எவர் நடித்திருந்தாலும் அந்த ரசிகர்களை இவ்வளவு தூரம் உலுக்கியிருக்க முடியாது என்பது எமது கருத்து.

நான்கு ஆண்டுகளில் 1983 வந்தது.

பின்னர் காமினி அரசியலுக்குள் பிரவேசித்தார். 1989 பொதுத்தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பில் மாத்தறை மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் சென்று, 1994 வரை பிரதிச் சபாநாயகராகப் பதவி வகித்தார். அடுத்த ஆண்டில், சந்திரிகா குமாரதுங்கவின் ஆட்சியில், அன்று இணைந்திருந்த வடக்கு கிழக்கு மாகாணத்தின் ஆளுநராக நியமிக்கப்பட்டார். புதையல் தேடி நடித்த அதே திருகோணமலைக்கு இப்போது அரச பிரதிநிதியாக வந்து சேர்ந்தார்.

அவர் பொறுப்பேற்ற மாகாணத்தில் மக்களால் தெரிவு செய்யப்பட்ட சபை இருக்கவில்லை. 1990 இல் அது கலைக்கப்பட்ட பின்னர், நிர்வாக அதிகாரம் முழுவதும் ஆளுநரின் கையிலேயே குவிந்திருந்தது. அவரது காலத்திலேயே, 1995 ஒக்டோபர் இறுதியில், இலட்சக்கணக்கான மக்கள் யாழ்ப்பாணத்தை விட்டு ஒரே இரவில் வெளியேறினர். 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களோ, புத்தளத்து முகாம்களில் ஐந்தாவது ஆண்டையும் கடந்துகொண்டிருந்தனர். காகிதத்தில் பரந்து கிடந்த அதிகாரம், யுத்தத்தின் முன்னால் எவ்வளவு சிறியதாகிப் போனது என்பதை இவ்விரு சமூகங்களும் நன்கறியும். நல்லெண்ணம் கொண்டவர் ஒருவர் அப்பதவியில் அமர்ந்ததால் அப்பதவியின் தன்மை மாறிவிடவில்லை. 1998 வரை அவர் அப்பொறுப்பில் இருந்தார்.

ஆளுநர் காமினியைப் பற்றி எமது மக்களிடையே பெரிதாக நினைவுகள் இல்லை. எழுதுவினைஞர் நடராஜாவை நினைவில் வைத்திருப்போரோ இன்றும் உள்ளனர். ஆனால் அவர்களும் முதியவர்களாகி வருகின்றனர். ‘சருங்கலே’யைத் தமிழ் உபதலைப்புகளுடன் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் புத்தளத்திலும் அக்கரைப்பற்றிலும் திரையிடுவதற்குத் தேசிய திரைப்படக் கூட்டுத்தாபனம் முன்வர வேண்டும். மாத்தறையிலும் அப்படியே திரையிட வேண்டும். அங்கும் அதனைப் பார்த்திராத ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.