ஜன்னலைச் சாத்தினா போதுமா? வீட்டுக்குள் நீங்கள் சுவாசிக்கும் காற்றின் கணக்கு!

போகி அன்று காலையில் பலரும் செய்யும் முதல் வேலை, ஜன்னலைச் சாத்துவது. வெளியே புகைமூட்டம், உள்ளே சேஃப் என்று ஒரு நிம்மதி. ஆனா அதே ராத்திரி, அதே ஜன்னலைச் சாத்திவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் கொசுவத்திச் சுருளை ஏற்றிவைத்துத் தூங்கிவிடுவோம்!

காற்று மாசு என்றாலே லாரிப் புகை, ஃபேக்டரிப் புகை என்றுதான் மனசு போகும். வீட்டுக்குள் இருக்கும் காற்றைப் பற்றி யோசிப்பதே இல்லை. நாளின் பெரும்பகுதியை நாம் கழிப்பதோ நாலு சுவருக்குள்தான்.

ஆப் காட்டும் எண் உங்களுடையதா?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' ஆப்பைத் திறந்தால் மணலி, ஆலந்தூர், வேளச்சேரி என ஒவ்வொரு கண்காணிப்பு நிலையத்தின் காற்றுத் தரக் குறியீடும் தெரியும். பயனுள்ள தகவல்தான். ஆனால், அது அந்த நிலையம் இருக்கும் இடத்துக் காற்று. உங்கள் நுரையீரலுக்குள் போவது எவ்வளவு என்பது, நீங்கள் எங்கே, எவ்வளவு நேரம் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இதைத்தான் ஆய்வாளர்கள் 'எக்ஸ்போஷர்' என்கிறார்கள்.

இதில் முக்கிய வில்லன் பி.எம் 2.5. தலைமுடியின் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும் நுண்துகள். நுரையீரலின் அடி ஆழம் வரை போகும். ஒரு கன மீட்டர் காற்றில் இதன் 24 மணி நேர சராசரி 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். இந்தியாவின் வரம்பு 60.

ஒரு சின்ன கணக்கு போடுவோம். ஒருவர் 22 மணி நேரம் 30 மைக்ரோகிராம் உள்ள காற்றிலும், 2 மணி நேரம் 300 மைக்ரோகிராம் உள்ள புகையிலும் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய அன்றைய சராசரி 52.5. அதில் ஏறக்குறைய பாதி, அந்த இரண்டே மணி நேரத்தில் வந்தது!

வெளியிலிருந்து வருவது... உள்ளேயே பிறப்பது

ஜன்னலைச் சாத்தினாலும் கதவிடுக்கு, வென்டிலேட்டர் வழியாக வெளிமாசு உள்ளே வரத்தான் செய்யும். 'ஏசி போட்டா காத்து சுத்தமாயிடும்' என்பதும் தப்பு. சாதாரண ஸ்பிலிட் ஏசி, அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. அதன் வலை தூசியைப் பிடிக்கும், நுண்துகளை அல்ல.

உள்ளே பிறக்கும் புகைதான் இன்னும் சிக்கல். திறந்த வெளியில் காற்று அதைக் கலைத்துவிடும். அறைக்குள் அது போக வழியில்லாமல் நம் மூக்கைத்தான் தேடி வரும். வீட்டுக்குள் வெளியாகும் மாசு ஒருவரின் நுரையீரலைச் சென்றடையும் வாய்ப்பு, வெளியே வெளியாகும் மாசைவிட சுமார் 1,000 மடங்கு அதிகம் என்பது இந்தத் துறையில் சொல்லப்படும் பொதுக்கணக்கு.

கொசுவத்தியையே எடுத்துக்கொள்வோம். ஒரு சுருள் முழுசாக எரிந்தால் வரும் பி.எம் 2.5, 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. ஊதுபத்தி, சாம்பிராணி, மிளகாய் கருகும் தாளிப்பு எல்லாமே இந்தப் பட்டியலில் சேரும்.

ஒரே வீடு, வேற வேற காற்று

ஹாலில் உட்கார்ந்து மொபைல் பார்ப்பவரும், அடுப்படியில் நிற்கும் அம்மாவும் சுவாசிப்பது ஒரே காற்று இல்லை. இதை அளந்தே காட்டிய ஆய்வு ஒன்று தமிழ்நாட்டிலும் நடந்தது. சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் பங்கேற்ற 'ஹேப்பின்' ஆய்வு அது. இந்தியா, கவுதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகளிடம் நடந்தது. அவர்களே உடலில் அணிந்துகொண்ட கருவிதான் காற்றை அளந்தது.

விறகடுப்பு போன்றவற்றில் தொடர்ந்து சமைத்தவர்கள் சுவாசித்த பி.எம் 2.5, சுமார் 71 மைக்ரோகிராம். கேஸ் அடுப்பு கொடுக்கப்பட்டவர்களுக்கு 24. மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. ஆனாலும், குழந்தைகளின் பிறப்பு எடையில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அடுப்பை மாற்றுவது அவசியம். ஆனால், அதோடு எல்லாம் முடிந்துவிடாது என்பதுதான் இதில் உள்ள பாடம். கேஸ் வந்த பிறகும் அந்த எண் 15-க்குக் கீழே இறங்கவில்லையே!

என்ன செய்யலாம்?

* சமைக்கும்போது: அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். சமைத்து முடித்த பிறகும் 10, 15 நிமிடம் ஓடட்டும். சிம்னி வாங்கினால், புகையைக் குழாய் வழியாக வெளியே தள்ளும் மாடலா என்று பாருங்கள். குழாய் இல்லாதவை காற்றை வடிகட்டி மறுபடி கிச்சனுக்குள்ளேயே விடும்.

* கொசுவுக்கு: டெங்கு பயம் நியாயமானது. அதனால் கொசுவைச் சகித்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஜன்னலுக்கு நைலான் வலை, படுக்கைக்குக் கொசுவலை. இரண்டுக்குமே புகை கிடையாது. சுருள்தான் ஒரே வழி என்றால், மூடிய அறைக்குள் குழந்தைக்குப் பக்கத்தில் வேண்டாம்.

* ஜன்னல்: பனிக்கால அதிகாலையில் மாசு தரையை ஒட்டியே தேங்கி நிற்கும். வெயில் ஏறியதும் கலைய ஆரம்பிக்கும். அப்போது திறந்துவிடுங்கள். மெயின் ரோட்டு வீடு என்றால், டிராஃபிக் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் ரோட்டுப் பக்க ஜன்னலை மட்டும் சாத்துங்கள்.

* பெருக்கும்போது: துடைப்பம் படிந்த தூசியைக் கிளப்பிவிடும். ஈரத்துணியால் துடைப்பது நல்லது.

* செடி வைத்தால்? அழகுக்கு வைக்கலாம். ஆனா, ஜன்னலைத் திறந்தால் கிடைக்கும் பலனை செடிகளால் பெற, ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடியாவது வேண்டும் என்கிறது 2019-ல் வெளியான ஓர் ஆய்வு. பெட்ரூமே காடாகிவிடும்!

* ஏர் பியூரிஃபையர்: 'ஹெப்பா' ஃபில்டர் உள்ளதும், அறையின் அளவுக்கு ஏற்றதும் என்றால் நுண்துகள் குறையும். ஆனால், பக்கத்திலேயே ஊதுபத்தி எரிந்தால் காசுதான் வீண்.

வீட்டில் ஆஸ்துமா உள்ளவரோ, கைக்குழந்தையோ, கர்ப்பிணியோ, வயதானவரோ இருந்தால் இதையெல்லாம் தள்ளிப்போட வேண்டாம். ராத்திரியில் மட்டும் இருமல், வீசிங் வருகிறது என்றால் டாக்டரைப் பாருங்கள். அப்போது படுக்கையறையில் என்ன எரிகிறது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

ஊர்க் காற்றைச் சரிசெய்ய அரசும் தொழிற்சாலைகளும் மனசு வைக்க வேண்டும். கிச்சன் ஃபேன் சுவிட்ச், நம்ம கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.